ஃபர்னஸ் ரிப்பேர் செலவு: கோளாறு தெரிந்த நிமிடத்திலிருந்து பில் கட்டும் வரை

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுவிட்டால் வீட்டுக்காரர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஆகும்?" என்றுதான். ஃபோனில் அதற்கு யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது. "பற்றி எரிகிறது, சற்று நேரத்தில் அணைந்துவிடுகிறது" என்ற ஒரே அறிகுறிக்குப் பின்னால், ஐந்து நிமிடத்தில் துடைத்துச் சரிசெய்யக்கூடிய ஒரு சிறு கம்பியும் இருக்கலாம், ஃபர்னஸையே மாற்ற வைக்கும் ஒரு விரிசலும் இருக்கலாம்.

புதிதாக இதில் மாட்டுகிறவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் வரிசை தப்புவதால்தான். பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் அழைத்துவிடுகிறார்கள், கோளாறு உறுதியாகும் முன்பே விலை பேசுகிறார்கள், ஓட்டிப் பார்க்காமல் பில் கட்டுகிறார்கள். அதனால் கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்.

இது கேஸில் எரிந்து, டக்ட் என்னும் காற்றுக்குழாய் வழியாகச் சூடான காற்றை அறைகளுக்கு அனுப்பும் ஃபர்னஸ்களுக்கான வழிகாட்டி. தொகைகளைச் சொல்லப்போவதில்லை. அவை ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். பில்லில் எது எதனால் ஏறுகிறது என்பது எங்கும் ஒன்றுதான்.

முன்கூட்டியே எடுத்து வைக்கவேண்டியவை

ஃபர்னஸ் நன்றாக ஓடும் நாளிலேயே அதன் மாடல் எண், சீரியல் எண் இரண்டையும் படம் எடுத்து ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். கதவுபோல் இருக்கும் முன்பலகையைக் கழற்றினால் உள்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும். சரியான உதிரிபாகத்தை டெக்னீஷியன் முதல் தடவையே கொண்டுவர இந்த எண்கள் உதவும். இல்லையென்றால் பார்க்க ஒரு தடவை, மாற்ற ஒரு தடவை என்று இரண்டு வருகைக்குக் கட்டணம் போகலாம்.

அந்தப் பலகையின் உள்பக்கத்தில் பிழைக்குறிகளின் பட்டியலும் ஒட்டியிருக்கும். அதையும் படம் எடுங்கள்.

எப்போது பொருத்தியது, யார் பொருத்தினார்கள், வாரண்டி பதிவு செய்யப்பட்டதா என்பதைத் தேடி வையுங்கள். பல தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட நாட்களுக்குள் பதிவு செய்தால்தான் நீண்ட வாரண்டி தருகிறார்கள், செய்யாவிட்டால் குறுகியதுதான். வீட்டை வேறொருவரிடமிருந்து வாங்கியிருந்தால் வாரண்டி உங்களுக்கு மாறியதா என்பதையும் தயாரிப்பாளரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், சரியான அளவில் ஒரு புதிய காற்று ஃபில்டர், அறையின் சூட்டை அமைக்கும் தெர்மோஸ்டாட்டுக்கு பேட்டரி. கருவி என்று பார்த்தால் இவ்வளவு போதும்.

1. முதலில் ஆபத்து இருக்கிறதா என்று பாருங்கள்

கேஸ் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தொடாதீர்கள், போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எல்லோரும் வெளியே வந்து, வெளியிலிருந்தே கேஸ் நிறுவனத்தின் அவசர எண்ணை அழையுங்கள். சுவிட்சில் எழும் சிறு பொறியே கேஸைப் பற்றவைக்கப் போதும்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் அடித்தாலும் வெளியேறுங்கள். அந்த வாயுவுக்கு நிறமோ வாடையோ கிடையாது. தலைவலி, குமட்டல், தலைசுற்றல் வீட்டில் பலருக்கு ஒரே நேரத்தில் வந்தால், அலாரம் அடிக்காவிட்டாலும் அதை ஃபர்னஸோடு சேர்த்து யோசியுங்கள்.

தீ நீலமாக எரியவேண்டும். மஞ்சளாக ஆடிக்கொண்டு எரிந்தாலோ, ஃபர்னஸைச் சுற்றிக் கரி படிந்திருந்தாலோ அணைத்து வைத்துவிட்டு டெக்னீஷியனுக்குக் காத்திருங்கள். இங்கே செலவுக் கணக்கே வேண்டாம்.

2. பிழைக்குறியைக் குறித்துக்கொள்ளுங்கள், அதற்கு முன் பவரை அணைக்காதீர்கள்

நான் பார்த்தவர்களில் பாதிப்பேருக்கு மேல் தடுக்கி விழுவது இந்த இடத்தில்தான். ஃபர்னஸ் நின்றதும் முதல் வேலையாக பிரேக்கரை அணைத்துப் போடுகிறார்கள். சில நேரம் ஓடவும் செய்கிறது. ஆனால் பல ஃபர்னஸ்களில் பவர் போனதும் பிழைக்குறி அழிந்துவிடும். மறுநாள் டெக்னீஷியன் வரும்போது ஃபர்னஸ் ஓடிக்கொண்டிருக்கும், காட்ட ஒன்றும் இருக்காது. அவர் யூகத்தில் ஒரு பாகத்தை மாற்றுவார். அந்த யூகத்துக்கு நீங்கள் பணம் கட்டுவீர்கள்.

முன்பலகையில் ஒரு சிறு கண்ணாடித் துளை இருக்கும். அதன் வழியாகப் பார்த்தால், ஃபர்னஸை இயக்கும் மின்னணுப் பலகையான கன்ட்ரோல் போர்டில் ஒரு எல்.இ.டி. விளக்கு மினுக்குவது தெரியும். எத்தனை தடவை மினுக்கிவிட்டு இடைவெளி விடுகிறது என்று எண்ணுங்கள், அல்லது ஒரு நிமிட வீடியோ எடுங்கள். பலகையைக் கழற்றிப் பார்க்க வேண்டாம். கதவில் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் உண்டு; பலகையை எடுத்ததும் அதுவே பவரைத் துண்டித்துவிடும்.

முன்பே படம் எடுத்த பட்டியலில் அந்த எண்ணிக்கைக்கு நேராக என்ன இருக்கிறது என்று பாருங்கள். அது எந்தச் சங்கிலியில் சிக்கல் என்று மட்டும் சொல்லும், எந்த பாகம் போனது என்று சொல்லாது. "பிரஷர் சுவிட்ச் திறந்திருக்கிறது" என்று குறி வந்தால் சுவிட்ச் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. இது ஏன் முக்கியம் என்பது 5-ஆம் படியில் வரும்.

3. காசில்லாமல் சரியாகும் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழியுங்கள்

தெர்மோஸ்டாட்டிலிருந்து தொடங்குங்கள். "ஹீட்" நிலையில் இருக்கிறதா, வைத்திருக்கும் அளவு அறையின் வெப்பநிலையைவிட அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரியில் ஓடுவதாக இருந்தால் புதியது போடுங்கள். திரையில் எழுத்து தெரிவதாலேயே பேட்டரி சரி என்று நினைக்காதீர்கள். திரைக்குப் போதும் மின்சாரம் உள்ளே இருக்கும் ரிலே என்னும் சிறு சுவிட்சுக்குப் போதாமல் போவதுண்டு.

ஃபேன் "ஆன்" நிலையில் இருந்தால் "ஆட்டோ"வுக்கு மாற்றுங்கள். "ஆன்" நிலையில் தீ எரியாதபோதும் காற்று வந்துகொண்டே இருக்கும், அது குளிர்ந்த காற்று. இந்த ஒரு காரணத்துக்காக டெக்னீஷியனை வரவழைத்து வருகைக் கட்டணம் கட்டியவர்கள் நிறைய.

அடுத்தது மின்சாரம். ஃபர்னஸுக்குப் பக்கத்துச் சுவரில் விளக்கு சுவிட்ச் போலவே ஒன்று இருக்கும். சாமான் எடுக்கப்போன யாராவது விளக்கு என்று நினைத்து அதை அணைத்திருக்கலாம். பிறகு பிரேக்கர். விழுந்திருந்தால் ஒரே ஒரு தடவை தூக்கிப் போடுங்கள். மறுபடி விழுந்தால் அங்கே ஷார்ட் இருக்கலாம், திரும்பத் திரும்பப் போட்டால் சிறு கோளாறு பெரிதாகும்.

முன்பலகை சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். ஃபில்டர் மாற்றியவுடன் "ஃபர்னஸ் ஓடவில்லை" என்று சொல்பவர்களுக்கு இதுதான் காரணமாக இருக்கும்.

இப்போது ஃபில்டர். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவவேண்டும். அடைத்திருந்தால் காற்று போதாமல் உள்ளே சூடு ஏறி, லிமிட் சுவிட்ச் தீயை நிறுத்திவிடும். புளோயர் மட்டும் குளிர்ந்த காற்றை ஊதிக்கொண்டிருக்கும். புதியதைப் போடும்போது அதன் ஓரத்தில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸைப் பார்த்து இருக்கவேண்டும். போட்டதும் அரை மணி நேரம் ஆறவிட்டு, பிறகு ஓடுகிறதா என்று பாருங்கள்.

பயன்படுத்தாத அறைகளில் டக்டிலிருந்து சூடான காற்று வரும் துவாரங்களை மூடி வைத்திருக்கிறீர்களா? திறந்துவிடுங்கள். கேஸ் மிச்சமாகும் என்று மூடுகிறார்கள். ஃபில்டர் அடைத்தால் என்ன ஆகுமோ அதேதான் ஆகிறது.

வீட்டுக்கு வெளியே இரண்டு வெள்ளை பி.வி.சி. குழாய்கள் நீட்டிக்கொண்டிருந்தால், பனியோ இலையோ பறவைக்கூடோ அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இப்படிக் குழாய் உள்ளவை 90 சதவீதத்துக்கு மேல் திறன் உள்ள ஃபர்னஸ்கள். இவை எரியும்போது தண்ணீரும் சொட்டும். அந்தத் தண்ணீர் வெளியேறும் டியூப் மடங்கியோ உறைந்தோ இருந்தாலும், அதை வெளியேற்றும் சிறு பம்ப் நிரம்பி நின்றாலும் ஃபர்னஸ் தானாக நின்றுவிடும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பவரை ஒரு தடவை அணைத்து, ஓரிரு நிமிடம் விட்டுப் போட்டுப் பாருங்கள். பல தடவை முயன்றும் தீ பற்றாதபோது ஃபர்னஸ் தன்னைப் பூட்டிக்கொள்ளும். இது அந்தப் பூட்டைத் திறக்கும். ஓடினால் நல்லது. மறுபடி நின்றால் இன்னொரு தடவை முயலாதீர்கள். ஒவ்வொரு முயற்சியிலும் கொஞ்சம் கேஸ் எரியாமல் உள்ளே வரக்கூடும்.

4. எந்த இடத்தில் நிற்கிறது என்று பாருங்கள்

ஃபர்னஸ் ஒவ்வொரு தடவையும் ஒரே வரிசையில்தான் ஓடும். தெர்மோஸ்டாட் சூடு கேட்டதும் இன்டியூசர் என்னும் சிறு மோட்டார் சுழலும். அதன் வேலை புகையை வெளியே இழுப்பது. இழுவை சரியாக இருந்தால் பிரஷர் சுவிட்ச் மூடும், அதாவது மின்சுற்றை இணைக்கும். தீயைப் பற்றவைக்கும் இக்னைட்டர் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும், சிலவற்றில் டிக் டிக் என்று பொறி வரும். கேஸ் வால்வ் "டக்" என்று திறந்து தீ பற்றும். தீ இருப்பதை ஃபிளேம் சென்சர் சில நொடிகளில் உறுதி செய்யும். அரை நிமிடமோ ஒரு நிமிடமோ கழித்து பெரிய புளோயர் ஓடத் தொடங்கும்.

பக்கத்தில் நின்று காதைக் கொடுத்துக் கேட்டாலே எந்தக் கட்டத்தில் அறுந்துபோகிறது என்று தெரிந்துவிடும். அதை ஃபோனில் சொல்லுங்கள். "வேலை செய்யவில்லை" என்பதற்கும் "இன்டியூசர் சுழல்கிறது, இக்னைட்டர் ஒளிரவில்லை, மூன்று மினுக்கு வருகிறது" என்பதற்கும் உள்ள வித்தியாசம் பில்லில் தெரியும். இரண்டாவதைக் கேட்டவர் வண்டியில் சரியான பாகங்களோடு வருவார். தவிர, உங்களிடம் எதையாவது சொல்லித் தேவையில்லாத பாகத்தை மாற்றிவிட முடியாது என்பதும் அவருக்குப் புரிந்துவிடும்.

5. எந்தக் கோளாறு எந்தச் செலவுப் படியில் நிற்கிறது

அடிப்படியில் இருப்பவற்றுக்குப் பாகத்தின் விலை சொற்பம், அல்லது பாகமே தேவையில்லை. ஃபிளேம் சென்சர் அழுக்காவது இதில் அடிக்கடி வருவது. அது தீக்குள் நிற்கும் ஒரு மெல்லிய கம்பி. தீயின் வழியே பாயும் மிகச்சிறிய மின்னோட்டத்தை அளக்கிறது. பல ஃபர்னஸ்களில் 1-லிருந்து 6 மைக்ரோஆம்ப் வரைதான். மேலே படலம் படிந்தால் அந்த ஓட்டம் குறையும், தீ எரிந்துகொண்டிருந்தாலும் போர்டு கேஸை நிறுத்திவிடும். மெல்லிய எஃகுக் கம்பளியால் துடைத்தாலே சரியாகிவிடும். பீங்கான் பகுதி விரிசல் விட்டிருந்தால் மட்டும் மாற்றவேண்டும்.

கன்ட்ரோல் போர்டில் காருக்குப் போடுவது போன்ற 3 அல்லது 5 ஆம்ப் ஃபியூஸ் ஒன்று இருக்கும். அது போனாலும் பாகத்தின் விலை ஒன்றுமில்லை. ஆனால் ஏன் போனது என்பதுதான் கேள்வி. பெரும்பாலும் 24 வோல்ட் தெர்மோஸ்டாட் வயர் எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கும். அதைக் கண்டுபிடிக்காமல் ஃபியூஸை மட்டும் மாற்றிவிட்டுப் போனால் அதே ஃபியூஸ் மறுபடி போகும், நீங்கள் மறுபடி அழைப்பீர்கள்.

அடுத்த படியில் இக்னைட்டர், மோட்டார் சுழல உதவும் கெபாசிட்டர், பிரஷர் சுவிட்ச், லிமிட் சுவிட்ச். பாகம் மலிவானது, மாற்றும் நேரமும் குறைவு. இங்கே பில்லின் பெரும்பகுதி வருகைக் கட்டணமும் கூலியும்தான், அது நியாயமானதே.

பிரஷர் சுவிட்சைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்லவேண்டும். தேவையில்லாமல் மாற்றப்படும் பாகங்களில் இதற்குத்தான் முதலிடம் கொடுப்பேன். இழுவை போதவில்லை என்று அது சரியாகவே சொல்லிக்கொண்டிருக்கும். வெளிக் குழாய் அடைப்பு, ரப்பர் டியூபில் தண்ணீர், டியூபில் வெடிப்பு, தளர்ந்துபோன இன்டியூசர் என்று காரணம் வேறெங்கோ இருக்கும். "இழுவையை அளந்து பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். அளந்து, சுவிட்சில் எழுதியிருக்கும் அளவை எட்டியும் அது மூடவில்லை என்றால் மாற்றலாம். மாற்றும்போது அதே அளவு குறித்த சுவிட்சைத்தான் போடவேண்டும், ஏறக்குறைய ஒத்துவருவது கூடாது.

நடுப்படியில் இன்டியூசர் மோட்டார், கேஸ் வால்வ், கன்ட்ரோல் போர்டு, சாதாரண புளோயர் மோட்டார். இங்கே பாகத்தின் விலையே கனக்கும். புளோயர் முனகிக்கொண்டு சுழலாமல் நின்றால், மோட்டாருக்கு முன் கெபாசிட்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதன் மேல் "10 மைக்ரோஃபாரட், ±5 சதவீதம்" என்று எழுதியிருந்து மீட்டர் 7 காட்டினால் கெபாசிட்டர் போய்விட்டது. மோட்டார் பிழைத்திருக்க வாய்ப்பு நிறைய.

மேல்படியில் இரண்டு. ஒன்று, வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இ.சி.எம். வகை புளோயர் மோட்டார். அதில் மோட்டாரோடு ஒரு மின்னணுப் பெட்டியும் சேர்ந்திருப்பதால் விலை சாதாரண மோட்டாரைவிடப் பல மடங்கு. சில மாடல்களில் அந்தப் பெட்டியை மட்டும் தனியாக மாற்றலாம், கேட்டுப் பாருங்கள். மற்றொன்று ஹீட் எக்ஸ்சேஞ்சர். அதற்கு ஒரு தனிப்படியே வேண்டும், 8-இல் பாருங்கள்.

6. பில் எப்படி ஏறுகிறது

வருகைக் கட்டணம், கூலி, பாகம், நேரம். இந்த நான்கும் சேர்ந்ததுதான் பில்.

வருகைக் கட்டணம் வீட்டுக்கு வந்து கோளாறைக் கண்டுபிடிப்பதற்கு. ரிப்பேர் செய்தால் அதைக் கழித்துக்கொள்கிறார்களா என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். "வருகை இலவசம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மகிழ வேண்டாம். அந்தப் பணம் வேறு வரியில் வரும், அல்லது புது ஃபர்னஸ் விற்கத்தான் வருகிறார்கள்.

கூலியை மணிக்கணக்கில் வாங்குபவர்கள் உண்டு, வேலைக்கு இவ்வளவு என்று மொத்தமாக வாங்குபவர்களும் உண்டு. மொத்தக் கணக்கில் வேலை இழுத்தாலும் தொகை ஏறாது; சிறு வேலைக்கு அது அதிகமாகப் படும். எந்த முறை என்பது வேலை தொடங்கும் முன்பே தெரிந்திருக்கவேண்டும்.

பாகத்தின் விலையை இணையத்தில் பார்த்துவிட்டுச் சண்டை போடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். அதை வண்டியில் வைத்துக்கொண்டு திரிவதற்கும், கெட்டால் திரும்ப வந்து மாற்றித் தருவதற்கும் சேர்த்துத்தான் அவர் விலை வைக்கிறார். ஓரளவு கூடுதல் நியாயம். நீங்களே பாகத்தை வாங்கி வைப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பலர் அதைப் பொருத்தவே மறுப்பார்கள், பொருத்தினாலும் கூலிக்கு வாரண்டி கிடைக்காது. தவறான மாடலாகிப்போனால் மின்பாகங்களைக் கடைகள் பெரும்பாலும் திரும்ப எடுப்பதும் இல்லை.

நேரம்தான் உங்கள் கையில் இருக்கும் பெரிய பிடி. இரவிலும் விடுமுறை நாளிலும் கூலி ஒன்றரை மடங்கோ இரண்டு மடங்கோ ஆவது சகஜம். குழந்தைகளோ வயதானவர்களோ நோயாளிகளோ இல்லாத வீடு, வெளியே உறைநிலைக்குப் போகவில்லை என்றால் காலைவரை காத்திருப்பது லாபம். மின்சார ஹீட்டரை நேராகச் சுவர் பிளக்கில் மாட்டி, துணி, மெத்தை எதுவும் அருகில் இல்லாமல் வையுங்கள். அடுப்பையோ கரியையோ சூட்டுக்காகப் பயன்படுத்தாதீர்கள், அது கார்பன் மோனாக்சைடை வீட்டுக்குள் கொண்டுவருவது. கடும் உறைபனி என்றால் காத்திருக்காமல் இரவிலேயே அழையுங்கள். தண்ணீர்க் குழாய் உறைந்து வெடித்தால் வரும் செலவுக்கு முன் இரவுக் கூலி சிறியது.

7. ஃபோனிலும் வாசலிலும் கேட்கவேண்டியவை

அழைக்கும்போது வருகைக் கட்டணம் எவ்வளவு, அதில் எவ்வளவு நேரச் சோதனை அடங்கும், கூலி எந்த முறை, கேஸ் வேலைக்கான உரிமமும் காப்பீடும் இருக்கிறதா என்று கேளுங்கள். வாரண்டியில் உள்ள ஃபர்னஸ் என்றால், அந்தத் தயாரிப்பாளரின் வாரண்டி வேலையைச் செய்வார்களா என்பதையும் கேளுங்கள். வெளியாள் கையை வைத்தால் சில வாரண்டிகளில் சிக்கல் வரும்.

நீங்களே நோயைச் சொல்லிவிடாதீர்கள். "இக்னைட்டரை மாற்றவேண்டும், எவ்வளவு?" என்று கேட்டால் இக்னைட்டரை மாற்றிவிட்டுப் போவார்கள், கோளாறு வேறு எங்காவது இருந்தால் அந்தச் செலவு உங்களுடையது. அறிகுறியைச் சொல்லுங்கள், வீடியோவைக் காட்டுங்கள், கண்டுபிடிப்பதை அவரிடம் விடுங்கள்.

அவர் ஒரு பாகம் கெட்டுவிட்டது என்று சொன்னதும், "மீட்டரில் என்ன வந்தது, எவ்வளவு வரவேண்டும்?" என்று கேளுங்கள். ஃபிளேம் சென்சருக்கு மைக்ரோஆம்ப், கெபாசிட்டருக்கு மைக்ரோஃபாரட், இக்னைட்டருக்கு ஓம், கேஸ் வால்வுக்கு 24 வோல்ட் வந்தும் திறக்கவில்லையா என்பது. நல்ல டெக்னீஷியன் இந்தக் கேள்விக்குச் சந்தோஷமாக மீட்டரைத் திருப்பிக் காட்டுவார். எரிச்சலோடு "இது பழையது, மாற்றிவிடலாம்" என்று மட்டும் சொன்னால், வருகைக் கட்டணத்தைக் கொடுத்து அனுப்பிவிட்டு இன்னொருவரை அழைக்கலாம்.

இரண்டாவது கேள்வி, "இது ஏன் கெட்டது?" பாகம் போனது விளைவாக மட்டும் இருந்தால் காரணம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும்.

தொகையை எழுத்தில் வாங்கியபின் வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். உள்ளே திறந்தபின் வேறு ஏதாவது தெரிந்தால் உங்களைக் கேட்காமல் செய்யக்கூடாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

8. "ஹீட் எக்ஸ்சேஞ்சரில் விரிசல்" என்று சொன்னால்

தீயையும் வீட்டுக் காற்றையும் பிரித்து வைக்கும் உலோக அறைதான் ஹீட் எக்ஸ்சேஞ்சர். அது விரிசல் விட்டால் எரிப்பு குலைந்து, புகைவாயு காற்றோடு கலக்கும் ஆபத்து உண்டு. எனவே சொன்னவர் மேல் சந்தேகம் இருந்தாலும் முதலில் ஃபர்னஸை அணைத்துவிடுங்கள். பல ஊர்களில் டெக்னீஷியனே கேஸை மூடி எச்சரிக்கை அட்டை கட்டிவிட்டுப் போவார். அதைக் கழற்றி நீங்களே ஓட்டக்கூடாது.

அணைத்தாயிற்று. இனி நிதானமாகச் சரிபார்க்கலாம். உண்மையான ஆபத்தாக இருப்பதாலேயே, புது ஃபர்னஸ் விற்க நினைப்பவர்கள் சொல்லும் பொய்யாகவும் இது இருக்கிறது.

விரிசலைப் படமாகக் கேளுங்கள். உள்ளே விடும் கேமராவில் எடுத்த படத்தில் அது உங்கள் ஃபர்னஸ்தான் என்று தெரியவேண்டும், எந்த அறையில் எந்த இடத்தில் என்று சொல்லவேண்டும். துரு வேறு, விரிசல் வேறு. மேற்பரப்புத் துருவைக் காட்டி விரிசல் என்று சொன்னால் ஏற்காதீர்கள். புளோயர் ஓடத் தொடங்கியதும் தீ அசைந்து வளைகிறதா, புகையில் கார்பன் மோனாக்சைடு எவ்வளவு என்று அளந்தாரா என்றும் கேளுங்கள். இவை படத்துக்குத் துணையான சான்றுகள்.

பிறகு வேறொரு நிறுவனத்தை அழையுங்கள். விரிசல் சந்தேகம் இருக்கிறது என்பதை அவரிடம் மறைக்க வேண்டாம், பாதுகாப்பு விஷயம். முதல் நிறுவனம் சொன்ன தொகையை மட்டும் சொல்லாதீர்கள்.

இரண்டு பேரும் உறுதி செய்தால் வாரண்டியைத் திறந்து பாருங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு மற்ற பாகங்களைவிட நீண்ட வாரண்டி தருவது வழக்கம். பாகம் இலவசமாக வரலாம், கூலி வராது. கூலிதான் இங்கே பெரிது, ஏனென்றால் ஃபர்னஸைக் கிட்டத்தட்ட முழுவதும் பிரித்துத்தான் அதை எடுக்கமுடியும். பத்து ஆண்டுக்குள் உள்ள ஃபர்னஸ், பாகம் வாரண்டியில் வருகிறது என்றால் மாற்றுவதில் அர்த்தம் உண்டு. பதினைந்தைத் தாண்டியதற்கு நான் அந்தக் கூலியைக் கொடுக்கமாட்டேன்.

9. ரிப்பேரா, புதியதா

கேஸ் ஃபர்னஸ் பொதுவாக 15 முதல் 20 ஆண்டு ஓடும். ரிப்பேர் தொகை புதியதன் விலையில் பாதியைத் தொட்டு, வயதும் பதினைந்தைத் தாண்டியிருந்தால் புதியதை யோசிக்கலாம் என்பது தொழிலில் உள்ளவர்கள் வைத்திருக்கும் கணக்கு. இரண்டும் சேர்ந்திருக்கவேண்டும். வயதானது என்பதற்காக மட்டும், ஒரு இக்னைட்டர் போனதற்கெல்லாம் ஃபர்னஸை மாற்றாதீர்கள்.

எரிபொருள் மிச்சத்தைக் காட்டி விற்பார்கள். 80 சதவீதத் திறனிலிருந்து 95-க்குப் போனால் அதே சூட்டுக்கு ஏறக்குறைய 16 சதவீத கேஸ் குறையும். உங்கள் ஓராண்டுச் சூட்டுக்கான கேஸ் பில்லில் 16 சதவீதம் எவ்வளவு என்று போட்டுப் பாருங்கள், அந்த மிச்சம் கூடுதல் விலையை எத்தனை ஆண்டில் ஈடுகட்டும் என்பது தெரிந்துவிடும்.

கொட்டேஷனில் பலர் பார்க்கத் தவறுவது குழாய் வேலை. 80-இலிருந்து 90-க்கு மேல் போகும்போது பழைய உலோகப் புகைபோக்கியில் இணைக்க முடியாது, புதிய பி.வி.சி. குழாயும் தண்ணீர் வடிகாலும் வேண்டும். வெந்நீர் ஹீட்டரும் அதே புகைபோக்கியைப் பயன்படுத்தி வந்திருந்தால், அது தனித்து விடப்பட்டபின் புகைபோக்கி அதற்குப் பெரிதாகிவிடும், உள்ளே லைனர் என்னும் சிறிய உட்குழாய் போடவேண்டி வரலாம். இவை விலையில் அடங்குமா என்று எழுதி வாங்குங்கள்.

பழையதன் அளவையே கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவரிடம் கொடுக்காதீர்கள். வீட்டின் வெப்பத் தேவையைக் கணக்கிட்டுச் சொல்லவேண்டும். தேவைக்கு மேல் பெரிய ஃபர்னஸ் சில நிமிடம் எரிந்து நின்று, மறுபடி எரிந்து நிற்கும். ஒவ்வொரு தொடக்கமும் இக்னைட்டரையும் மோட்டாரையும் தேய்க்கிறது, அதாவது அடுத்த ரிப்பேர்களை இன்றே வாங்கிவிடுகிறீர்கள்.

"இன்று கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை" என்பவரிடம் போடாதீர்கள்.

10. பில் கட்டும் முன்

ஃபர்னஸை முழுச் சுற்றாக ஓட்டச் சொல்லுங்கள்: தெர்மோஸ்டாட் கேட்பதிலிருந்து, தீ பற்றி, புளோயர் ஓடி, சூடு எட்டி, எல்லாம் அடங்கும் வரை. அவர் நிற்கும்போதே இரண்டு சுற்று நடக்கட்டும். லிமிட் சுவிட்ச் கோளாறுகள் தொடங்கிய உடனே தெரியாது, சூடு ஏறியபின்தான் தெரியும்.

உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தை அளக்கச் சொல்லுங்கள். எந்த எல்லைக்குள் இருக்கவேண்டும் என்பது ஃபர்னஸின் பெயர்த்தகட்டிலேயே அச்சிட்டிருக்கும். எல்லைக்கு மேலே போனால் காற்றோட்டம் போதவில்லை. அதை விட்டுவைத்தால் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குக் கேடு.

கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். வாரண்டிக்குத் திருப்பி அனுப்பவேண்டியிருந்தால் மட்டும் விடலாம், அப்போதும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பில்லில் பாகத்தின் எண், என்ன அளந்தார், பாகத்துக்கு எத்தனை மாத வாரண்டி, கூலிக்கு எத்தனை நாள் என்பது எழுதப்பட்டிருக்கவேண்டும். கூலியின் வாரண்டியை யாரும் கேட்பதில்லை. அதே கோளாறு மூன்று வாரத்தில் திரும்ப வந்தால் அந்த ஒரு வரிதான் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

11. அடுத்த சீசனுக்கு

1 அங்குல ஃபில்டரை ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள், 4 அல்லது 5 அங்குலத்தை ஆறு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றுங்கள். 1 அங்குல இடத்தில் மிக நெருக்கமான, உயர்ந்த மெர்வ் எண் (எவ்வளவு நுண்ணிய தூசியை வடிகட்டும் என்பதன் அளவு) கொண்டதைப் போட்டால் காற்றோட்டம் குறையும். மெர்வ் 8 முதல் 11 வரை பெரும்பாலான வீடுகளுக்குப் போதும்.

ஆண்டுச் சோதனையைக் குளிர் தொடங்கும் முன் வைத்துக்கொள்ளுங்கள். அப்போது டெக்னீஷியன்களுக்கு நெருக்கடி குறைவு, பாகம் வரக் காத்திருந்தாலும் நீங்கள் குளிரில் இருக்கமாட்டீர்கள். ஃபிளேம் சென்சர் துடைப்பு, கேஸ் அழுத்தம், தண்ணீர் வடிகால், ஹீட் எக்ஸ்சேஞ்சர் பார்வை, புகையில் கார்பன் மோனாக்சைடு அளவு ஆகியவை அந்தச் சோதனையில் இருக்கவேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போவது சோதனை ஆகாது. அளந்த எண்களை எழுதி வாங்கி, தேதியோடு ஃபர்னஸின் பக்கத்திலேயே ஒரு உறையில் போட்டு வையுங்கள். அடுத்து வருபவர் இந்த எண்களோடு ஒப்பிட்டு, எது சரிந்துகொண்டு வருகிறது என்று சொல்ல முடியும். கார்பன் மோனாக்சைடு அலாரத்தின் பின்பக்கத்தில் காலாவதி ஆண்டு இருக்கும், அதையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.